கூடமாட

மார்ச் 3
அப்பாவை வியாபாரிகள் சங்கத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சின்னக் குடும்பத் தொழில் ஜெயிக்க என்ன வேண்டும் என்று சொல்லணுமாம். "நாலு வரி எழுதிக் குடும்மா, படிச்சுடறேன்" என்றார். அட்டைப்பெட்டிப் பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து இதே கதைதான்.

மார்ச் 5
எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஆர்டர் கொடுப்பவரிடம் உள் அளவா, வெளி அளவா என்று கேட்க வேண்டும். அட்டைக்குத் தடிமன் உண்டு. சொன்ன அளவை வெளியே வைத்து வெட்டினால் சரக்கு உள்ளே இறங்காது. "பெட்டிதானே, இதுல என்ன கேள்வி" என்று எரிந்து விழுவார்கள். அப்படியும் கேட்க வேண்டும். இது முதல் வரி.

இரண்டாவது, வீட்டு ஆளுக்கும் சம்பளம் போட வேண்டும். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். படிக்கும்போதாவது உறைக்கட்டும்.

மார்ச் 8
படிக்கவில்லை. காகிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒற்றுமை, விசுவாசம், "என் பையன் தோள் கொடுக்கிறான்" — வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார். தம்பி பட்டறைக்கு வந்து போவதே பெரிய உபகாரம். யாரோ எழுந்து, "உங்க பொண்ணும் அங்கதானே இருக்காங்க?" என்று கேட்டார்.

"அவ சும்மா கூடமாட ஒத்தாசைக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்ன ஜென்மம் நான்?

மார்ச் 9
பசை காய்ச்சுவது கூடமாட. மெஷின் மக்கர் பண்ணினால் அடியில் படுத்துச் சரி பண்ணுவது கூடமாட. ஆர்டர்காரனிடம் திட்டு வாங்குவதும் கூடமாடத்தான்.

மார்ச் 15
கேட்டுவிட்டேன். "வீட்டுக்குள்ள என்னம்மா சம்பளம்? எல்லாம் உங்களுக்குத்தானே" என்றார். உங்களுக்கு என்றால் யாருக்கு? வாசல் போர்டில் அவர் பெயருக்குக் கீழே தம்பி பெயர் பளபளக்கிறது. பெயின்ட் இன்னும் காயக்கூட இல்லை.

ஏப்ரல் 2
தெருக்கோடிப் பெட்டி கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். ஆர்டர் பிடிக்கும் வேலை. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா டிபன் டப்பாவைக் கட்டி வைத்திருந்தாள்.

ஜூன் 11
தேன் வியாபாரி போன் பண்ணினார். "உங்க தம்பி குடுத்த பெட்டியில பாட்டில் இறங்கவே மாட்டேங்குது. கேட்டா டேப்பை வெச்சு அளவு சரின்னு காட்டறான்."

வெளியே வைத்துக் காட்டியிருப்பான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. அவர் நான் வளைத்துப் போட்ட வாடிக்கை.

வீட்டில் அப்பா, "நீயாவது அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"உங்க சட்டைப்பையில வெச்சேனேப்பா. முதல் வரியே அதுதான்."

தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். சந்தோஷப்பட்டேனா? பட்டேன். பொய் சொல்வானேன்.

ஆகஸ்ட் 20
தேன்காரர் எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டார். அவர் சொல்லி மற்றவர்களும் வருகிறார்கள். முதலாளி என்னைப் பாராட்டினார். எந்த வாயால் நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 6
பட்டறையைப் பூட்டியாயிற்று. தம்பி வெளியூரில் வேலை தேடிக்கொண்டான். போர்டைக் கழற்ற ஆளில்லை.

நவம்பர் 17
மத்தியானம் வாட்ச்மேன் வந்து, யாரோ பெரியவர் தேடுகிறார் என்றான். அப்பா. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"வீட்ல சும்மா உக்கார முடியலம்மா. உங்க முதலாளிகிட்ட கேட்டுப் பாரேன். சம்பளமெல்லாம் வேணாம். சும்மா கூடமாட இருக்கேன்."

அந்தச் சொல்லைத் தான் சொன்னதே அவருக்கு ஞாபகமில்லை. எனக்குத்தான் இருந்தது.

முதலாளியிடம் போனேன். பசை காய்ச்சத் தெரிந்த ஆள் ஒருவர் வந்திருக்கிறார், சம்பளம் போட்டால்தான் வருவார் என்றேன்.