வாங்கியவர் பொறுப்பு

திருவண்ணாமலை,
18.1.1988, திங்கட்கிழமை, காலை மணி 10.20.

கடிதம் எண் 4
(முந்தையவை: 10.12.87, 21.12.87, 2.1.88)
பொருள்: காலி நெய்க் கவர்கள்

தம்பி ராமதாஸுக்கு அண்ணன் பலராமன் எழுதுவது. உன் கம்பெனியின் பதில் 11ஆம் தேதி கிடைத்தது. உடன்பிறந்த என்னை 'ஐயா' என்று விளித்து, கீழே நீயே கையெழுத்திட்டிருக்கிறாய். இங்கு நலம். உன் இருமல் நின்றதா என்று அண்ணி கேட்கச் சொன்னாள்.

14.8.87 அன்று நீ எழுதியதை நினைவூட்டுகிறேன். தீபத்துக்கு நெய் செலுத்த வருவோருக்காகச் சிறு பிளாஸ்டிக் கவர்களில் நெய் வரும். திருவிழா முடிந்ததும் காலிக் கவர்களைக் கம்பெனி லாரியே அள்ளிச் செல்லும் என்றாய். தேரடித் தெருக் கடைக்காரர்கள் மறுத்தார்கள். டின்னிலிருந்து அவரவர் பாத்திரத்தில் அளந்து ஊற்றினால் குப்பையே இல்லையே என்றார்கள். உன் கடிதத்தைப் பதினாறு கடைகளிலும் படித்துக் காட்டிச் சம்மதிக்க வைத்தவன் நான்.

லாரி வரவில்லை. நானும் அண்ணியும் பொறுக்கிய பதினொரு மூட்டைகள் பின்கட்டில் கிடக்கின்றன. கடைக்காரர் அப்பாசாமி, "இன்னா பெரியவரே, உங்க தம்பி லாரி மலையச் சுத்திக்கினு கீதா? எட்டு மைலுக்கு இத்தினி நாளா?" என்று கேட்டார். கடையிலிருந்த அனைவரும் சிரித்தார்கள்.

எங்கள் கைக்குத் தப்பியவற்றை, நெய் வாசனைக்கு, பச்சையம்மாளின் மாடு தின்றிருக்கிறது. 20.12.87 ஞாயிறு பிற்பகல் 3.15க்கு வயிறு உப்பிச் செத்தது. அறுத்தபோது உடன் நின்றேன். ஒரு கூடை கவர்கள். இரு வேளைப் பாலை விற்றுப் பிழைத்தவள் அவள். அழவில்லை. "கவர எடுத்துக்கினு போயிடுவாங்கன்னு நீங்கதானே கட கடயா சொன்னீங்க. உங்கள நம்பித்தானே மாட்ட அவுத்து வுட்டேன்" என்றாள்.

காலி உறைக்கு வாங்கியவரே பொறுப்பு என்கிறது உன் பதில். பச்சையம்மாள் உன் நெய்யை வாங்கவில்லை. மாடும் வாங்கவில்லை. வாங்கியவர்கள் அன்றே பஸ் ஏறிவிட்டார்கள். கவரைச் செய்து அதில் பெயர் அச்சிட்டவர்கள் மட்டுமே இன்னும் அதே முகவரியில் இருக்கிறார்கள். சோடாக்கார ராமன் காலி பாட்டில்களை எண்ணி வாங்காமல் அடுத்த பெட்டியை இறக்குவதில்லை. அவனால் முடிவது உங்களால் ஏன் முடியவில்லை?

1.2.88 அன்று நகராட்சியில் மனு கொடுக்கிறேன். காலி உறைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கம்பெனிக்கு மட்டுமே அடுத்த தீபத்துக்கு விற்பனை அனுமதி தரவேண்டும் என்பது கோரிக்கை. ஊரை ஏமாற்றியவர் வரிசையில் என் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். உன் பெயரை எழுதக் கை வரவில்லை.

கம்பெனியிலிருந்து வேறு எவரையும் அனுப்பாதே. நீயே வா. வந்து, அந்தப் பதிலைப் பச்சையம்மாள் முன் நின்று உன் வாயால் படி. முடியாதென்றால், ஏன் முடியவில்லை என்பதை அவளிடமே சொல். பனி கடுமையாக இருக்கிறது. கழுத்துக்குத் துண்டு சுற்றிக்கொண்டு வா.

ஆசிகளுடன்,
பலராமன்

இணைப்புகள்:
1. உன் 14.8.87 கடிதத்தின் நகல். மூலம் என்னிடமே இருக்கும்.
2. மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த கவர் ஒன்று. மூன்று முறை கழுவியது.
3. நகராட்சி மனு. என் கையெழுத்துக்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.