மேல்பரப்பின் படிகம்

அக்ரஹாரம், மைசூரு
14 ஜூலை 2024

அன்புள்ள மகள் அக்ஷதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் தணியவில்லை. கொல்கத்தாவில் மழை எப்படி என்று கேட்கச் சொன்னாள்.

கண்ணாடிக்குழாய் ஆலை வழக்கிலிருந்து நான் கடந்த வியாழனன்று விலகிவிட்டேன். உலை வெடித்துக் குமார் என்ற தொழிலாளி இறந்ததற்காக, உலையை இயக்கிய மகேந்திரன்மீது தொடரப்பட்ட வழக்கு அது. அவர் என் கட்சிக்காரர். எதிர்த்தரப்பு ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தைக் கண்டபின் நான் அவருக்காக வாதிடுவது முறையன்று. கோப்பை வேறொரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்தேன். காரணத்தைச் சொன்னபோது மகேந்திரன், "உங்க பொண்ணுங்களா சார்? அப்பச் சரிங்க" என்றார். பிறகு, "நான் சுவிட்சத் தொடவே இல்லீங்க. பர்னசு காலைலருந்தே தகிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேனுங்க" என்று பலமுறை சொன்னதையே மறுபடியும் சொன்னார்.

நெடுநேரம் சூட்டில் கிடக்கும் கண்ணாடியில் படிகம் வளரும்; உலையில் எஞ்சிய கண்ணாடியில் படிகமே இல்லை. ஆகவே வெப்பம் பல மணிநேரம் நீடிக்கவில்லை, திடீரென ஏற்றப்பட்டது என்கிறது உன் அறிக்கை. நீதிமன்றம் அதை ஏற்றால் அவர் சிறை செல்வார்.

சென்ற தசராவுக்கு நீ வந்திருந்தபோது, சூடேறும் கண்ணாடியை நுண்ணோக்கி வழியே எடுத்த படத்தைக் காட்டினாய். ஓரத்திலிருந்து ஊசி ஊசியாய் ஏதோ உள்நோக்கி வளர்ந்தது. "என்னடி இது, பூஞ்சை பிடிச்ச மாதிரி?" என்றாள் அம்மா. "போம்மா. படிகம் மேல்பரப்புலதான் மொதல்ல பிடிக்கும். நடுவுல ரொம்ப நேரத்துக்கு ஒண்ணுமே இருக்காது, நோடு, பாரு" என்று கன்னடம் கலந்து சொல்லிச் சிரித்தாய்.

அறிக்கையின் நான்கு படங்களும் உலைக் கண்ணாடித் துண்டின் நடுப்பகுதியில் எடுக்கப்பட்டவை என்று நீயே குறித்திருக்கிறாய். மேல்பரப்பைப் பார்த்ததாக எங்கும் இல்லை. தவறிவிட்டாயா, பார்க்க வேண்டாமென்று யாரேனும் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. வீட்டில் நீ சொன்னதைப் புதிய வழக்கறிஞரிடம் நான் தெரிவிக்கவில்லை. அது சரிதானா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

துண்டின் மீதி உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பதாக அறிக்கை கூறுகிறது. அறிக்கை தந்தவர் தாமாகவே கூடுதல் அறிக்கை தாக்கல் செய்ய அனுமதி கோரலாம். அடுத்த விசாரணை ஆகஸ்ட் ஒன்பது. இக்கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். நீதிமன்றம் கேட்டால் மறைக்க மாட்டேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். எழுத ஏதேனும் இருந்தால் நீதிமன்றத்துக்கு எழுது. ஒன்றுமில்லை என்று நீ முடிவுசெய்தாலும் இந்த வீடு உன்னுடையதே, அம்மா.

நீண்ட ஆயுளும் நிம்மதியான உறக்கமும் உனக்கு வாய்க்க வேண்டும்.

உன் அப்பா,
பட்டாபிராமன்