சுடாத மண்ணின் அளவு

சேரப்பணஞ்சேரி,
9.8.1991

கர்த்தருக்குள் அன்பான கணவர் ஆபிரகாமுக்கு, ரோஸி எழுதுவது. இங்கே நான் நலம். விருத்தாசலத்தில் உங்கள் சூளை நலமாக எரிவது தெரிகிறது, கொட்டேஷன் அனுப்பியிருக்கிறீர்களே.

அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எங்கள் கம்பெனியில் ஹீட்டர் கம்பியைத் தாங்கும் பீங்கான் கட்டைக்கு மூன்று சூளைக்காரர்களிடம் விலை கேட்டோம். உங்கள் பெயரைக் கொடுத்தது நான்தான். கணவர் என்று சொல்லவில்லை. சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

கடிதத்தோடு வைத்த வரைபடத்துக்கு அளவு எடுத்தவர் மானேஜர் பாண்டுரங்கன். போன வருஷம் வரை பாத்திரக்கடை வைத்திருந்தார். முதலாளிக்கு மச்சான் என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் நான் பார்த்ததில்லை. மாதிரிக் கட்டையை அளந்து, ஒவ்வொரு அளவிலும் பத்தில் ஒரு பங்கு கூட்டி எழுதிவிட்டார். கேட்டால், "மண்ணு சூளையில சுருங்கிப்பூடும்மா, அதான் நானே சேத்துப் போட்டுக்கினேன்" என்கிறார். அந்தக் கணக்கை உங்களைப் போன்ற சூளைக்காரர்கள் தாங்களே சேர்ப்பார்கள், இரண்டு தடவை கூடிப்போகும் என்று சொன்னேன். "நீ டைப் அடி" என்றார். அடித்தேன்.

ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு, மூன்று கடிதத்தின் அடியிலும் என் கையால் ஒரு வரி எழுதினேன்: "மாதிரியை நேரில் அளந்து பார்த்த பிறகே விலை சொல்லவும்." தெரிந்தால் வேலை போகும். போகட்டும்.

மற்ற இருவரும் வந்து அளந்துகொண்டு போனார்கள். நம் மானேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம கம்பெனிக்கு இன்னா மவுசு பாத்தியா, தேடிக்கினு வரானுங்க!" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நீங்கள் மட்டும் வரவில்லை. தபாலில் விலை அனுப்பினீர்கள், அதுவும் இருப்பதிலேயே குறைந்த விலை. எந்தக் கடிதத்தையும் பாதிக்கு மேல் படிக்காத ஆள் ஆயிற்றே! அந்த அளவில் கட்டை செய்தால் எங்கள் தகரக் கூட்டுக்குள் ஒன்றுகூட நுழையாது. மொத்த லோடும் திரும்பி வரும். உங்கள் சூளை அதோடு அணைந்துவிடும்.

அல்லது அந்த வரியைப் படித்து, என் கையெழுத்து என்று தெரிந்துதான் வராமல் இருந்தீர்களா? நீங்கள் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது என் தம்பி ஃபிரடி "வூட்டோட மாப்ளைக்கு ரெண்டாவது வாட்டி சோறா" என்று கேட்டது தப்பு. அன்றே அவனைத் திட்டினேன். அதைக் கேட்க நீங்கள் இருந்தால்தானே? தட்டில் கை கழுவிவிட்டுப் போனவர் எட்டு மாதமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வயசுப் பையனின் ஒரு வார்த்தையைத் தாங்காதவர், ஆயிரத்து இருநூறு டிகிரி நெருப்பின் முன் எப்படித்தான் நிற்கிறீர்களோ!

வருகிற வெள்ளிக்கிழமை கொட்டேஷன்களைப் பிரிப்பார்கள். உங்களுடையதை இன்னும் ஃபைலில் சேர்க்கவில்லை. அதற்கு முன் வந்து வேறு கொட்டேஷன் கொடுங்கள். மாதிரியைத் தபாலில் அனுப்புவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுக்கும் வர வேண்டாம். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, கம்பெனி வாசலில் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்களுக்குச் சுகத்தையும், கொஞ்சம் பொறுமையையும் தரட்டும். அளந்து முடித்ததும் அவசரமாகப் பஸ் ஏறிவிடாதீர்கள். அஞ்சு மணிக்கு எனக்கு ஷிப்ட் முடியும். பெட்டி கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
ரோஸி