மாப்ள, உன் வண்டியைக் கொடுக்கப் போகிறோம்

என் அருமை மாப்பிள்ளை சேதுவுக்கு,

நீ போய் இரண்டு வருஷமாகப் போகிறது. நீ இருக்கிற இடத்தில் ரோடு எப்படியோ தெரியாது. இங்கே அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் ஒரு பள்ளம் மூடினால் பக்கத்திலேயே இன்னொன்று வாயைத் திறக்கிறது. எல்லோரும் சௌக்கியம். உன் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள். உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கச்சி செல்வி, நன்றாக இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அப்படியே உன் வண்டியைக் கொடுப்பதற்கு உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டும். கோபப்படாமல் முழுசாகப் படி.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் இப்போது ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். கியர் இல்லாத ஸ்கூட்டர். ஏலே, சிரிக்காத!

ஸ்கூட்டரில் போகிறவர்களைப் பார்த்து, "என்னண்ணே, நாற்காலி தனியா ஓடுது?" என்று கத்திவிட்டுப் போனவர்கள் நாம். இருபது வயதில் நமக்கு வண்டி என்றால் சத்தம், அப்புறம் வேகம். பக்கக் கண்ணாடி இரண்டையும் கழற்றி வீட்டில் போட்டுவிட்டோம். பின்னால் வருகிறவனைப் பார்ப்பதே கேவலம் என்று நீதான் சொன்னாய். திருச்சுழி பஸ் நம்மை முந்திவிட்டால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது. உன் அந்த டூ ஸ்ட்ரோக் வண்டியின் புகையில் என் வெள்ளைச் சட்டைகள் எத்தனை பாழாயின, ஞாபகம் இருக்கிறதா?

செல்வியைக் கட்டியதும் நீதான் முதலில் மாறினாய். சேலை சக்கரத்தில் சிக்காமல் கம்பி வலை போட்டாய். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும் மருந்துப் பெட்டி மாட்டினாய், மைலேஜ் பற்றிப் பேச ஆரம்பித்தாய். நாற்பதுக்கு மேல் உனக்கு வண்டியைவிட நிழல் பெரிசாகிவிட்டது. "மச்சான், வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வந்துருவோம்" என்பாய். வழியில் இருக்கிற ஒவ்வொரு டீக்கடையிலும் நிறுத்துவாய். கடைசி வண்டியை வாங்கும்போது இன்ஜினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. சீட்டை மட்டும் பத்து தடவை அமுக்கிப் பார்த்தாய்.

எனக்கு அந்தப் புத்தி வரக் கொஞ்சம் தாமதமானது. போன வருஷம் முழங்கால் மக்கர் பண்ணியதும் ஸ்கூட்டர் வாங்கினேன். இப்போது இரண்டு கண்ணாடியும் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறேன். பஸ்காரர் ஹாரன் அடிக்கும் முன்பே ஒதுங்கி, "போங்கண்ணே" என்று கையும் காட்டுகிறேன். காலடியில் ஒரு மூட்டை வைக்க இடம் இருக்கிறது பார், அந்தச் சுகத்தை உனக்குக் காட்டாமல் போய்விட்டேனே என்று இருக்கிறது. ஆனால் செல்வியிடம் மட்டும் அதை என் மருமகள் வண்டி என்று சொல்லி வைத்திருந்தேன். சேதுவின் மச்சான் ஸ்கூட்டருக்கு மாறிவிட்டான் என்று அவள் வாயால் கேட்க எனக்கு வெட்கம்.

ஞாயிறுதோறும் திருச்சுழியில் உன் வீட்டுக்குப் போவேன். ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டுவேன், உன் வண்டிச் சாவியை எடுப்பேன். நிறுத்தியே வைத்தால் இன்ஜின் கெட்டுவிடும் அல்லவா? நரிக்குடி வரை ஒரு சுற்று. திரும்பி வந்து, "இன்ஜின் நல்லாருக்கு தாயி, பின் டயர்தான் தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். உன் வண்டி எனக்கு ஆகவே இல்லை மாப்ள. ஒவ்வொரு தடவையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். தங்கச்சிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பல்லைக் கடித்தேன்.

போன ஞாயிறு நரிக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் செயின் அறுந்துவிட்டது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவில் நான். செல்விக்கு போன் போட்டேன்.

"எங்கன நிக்கிறீகண்ணே?" என்றாள். இடத்தைச் சொன்னேன். "அங்கனயே நில்லுங்க, வாரேன்."

"இப்ப ஏது பஸ்ஸு? எதுல வார?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. என் ஸ்கூட்டர்! சேலையை இழுத்துச் செருகி, ஹெல்மெட் மாட்டி, உன் பெண்டாட்டி ஓட்டி வருகிறாள். அடேயப்பா! சரியாக என் முன்னால் நிறுத்தி ஒற்றைக் காலை ஊன்றினாள்.

"இத எப்ப தாயி படிச்ச?"

"நீங்க அவுக வண்டிய எடுத்துட்டுப் போற நேரத்துலதான். பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லிக் குடுத்தாக. ஆறு மாசமாச்சு."

"அடிப்பாவி! பெட்ரோல் கொறையுதுன்னு நான் பங்க்ல போயி சண்டை போட்டேனே!"

"தெரியும்ணே. அதுக்கப்புறந்தான் நானே ஊத்தி வச்சேன்."

நான் போட்ட சண்டையில்தான் அளவு சரியாகிவிட்டது என்று தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். நாளைக்கு அந்த பங்க்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அந்த நேரம் ஆடு ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் வீரசோழன் ஊர்க்காரர், ஒரு பாய், ஆட்டு வியாபாரி. இறங்கி வந்து வண்டியைத் தடவிப் பார்த்தார். "இது ஊசி போடுற சார் வண்டில்ல? எங்க ஆட்டுக்கெல்லாம் அவுக கைதான் ராசி." குடுக்கிறதாக இருந்தால் தனக்கே குடுங்கள் என்று கேட்டார். நான் செல்வியைப் பார்த்தேன்.

"எடுத்துக்கங்க பாய். நிக்கிறதுக்கா அவுக வாங்குனாக?" என்றாள். சொல்லும்போது கண் கலங்கித்தான் இருந்தது. வருகிற வாரம் முறைப்படி எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. செயின் மாட்டுவதற்கு வண்டியை அவரே ஆட்டோவில் ஏற்றி நரிக்குடி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து வந்தேன். இத்தனை நாள் எதற்கு மறைத்தாய் என்று கேட்டேன்.

"அந்த வண்டிய ஓட்டுனா ஒங்களுக்கு மனசு ஆறுதுன்னு நெனச்சேன். நிப்பாட்டுங்கன்னா ஒடஞ்சு போயிருவீகன்னு பயம்."

"நான் ஒனக்காகல்ல ஓட்டுனேன்! எனக்கு இடுப்பே போச்சு தாயி!"

சிரித்தாள் பார், வண்டி ஆடியது. நீ போனதற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு அடங்கியதும் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "ரெண்டு வருசமா வாரீக. டயரப் பத்திச் சொல்றீக, செயினப் பத்திச் சொல்றீக. அவுகளப் பத்தி ஒரு வார்த்த பேசுனீகளாண்ணே? நான் யார்கிட்டத்தான் பேசுறது?"

அவள் சொன்னது நிஜந்தான் மாப்ள. நீ இல்லாத அந்த வீட்டில் உட்காரத் தைரியம் இல்லாமல்தான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவளுக்காக என்று எனக்கே பொய் சொல்லியிருக்கிறேன். இடுப்பு வலியைப் பொறுத்தவனுக்கு நீ இல்லாததைப் பொறுக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்.

வண்டி போகட்டும், சரியா? நீ சரி என்றுதான் சொல்வாய். வருகிற ஞாயிறு வெறுங்கையோடு போவேன். செல்விக்கு எதிரில் உட்கார்ந்து, அவளைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே அவளைப் பார்ப்பதற்காக நீ எங்கள் தெருவில் எத்தனை தடவை "வழி தவறி" வந்தாய் என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். அவள் போதும் என்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
செல்விக்கு அண்ணன்,
முருகேசன்