பெயரைச் சொன்ன செவ்வாய்க்கிழமை

செப்டம்பர் 5, செவ்வாய்

காலையில் பட்டர்பீன்ஸ் உரித்தேன். முழங்கால் நேற்றுக்கு இன்று பரவாயில்லை.

கார்லெட்டா கல்லூரியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள். என் மகள் சிரித்துக்கொண்டே களைத்து வந்தால் வகுப்பு நன்றாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். ‘நிறம், குற்றம், சட்டம்’ என்று ஒரு பாடம் நடத்துகிறாள். வருடக்கணக்காகக் கெஞ்சி வாங்கிய பாடம். இன்று பன்னிரண்டு நாற்காலி போட்டு, பிள்ளைகளை ஜூரிகளாக உட்கார வைத்தாளாம். பிறகு அந்தக் காலத்து அரசு வக்கீல் மாதிரி நடந்து, “நன்றி, நீங்க போகலாம்… நன்றி, நீங்க போகலாம்” என்று ஒவ்வொருவராக எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்தாளாம். காரணம் சொல்லவில்லை. அப்போதெல்லாம் சொல்ல வேண்டியதுமில்லை. கடைசியில் பார்த்தால் பன்னிரண்டு நாற்காலியிலும் வெள்ளைப் பிள்ளைகள்.

“எப்பக் கண்டுபிடிச்சாங்க?” என்றேன்.

“எழுந்து போன நம்ம கறுப்புப் பிள்ளைங்க உடனே. உக்காந்திருந்தவங்களுக்குத்தான் கொஞ்சம் நேரமாச்சு.”

இதைப் படிக்கப் பணம் வேறு கட்டுகிறார்கள். நான் ஆறாம் வகுப்போடு பருத்திக் காட்டுக்குப் போனவள். எனக்கு இலவசமாகவே கிடைத்தது.

செப்டம்பர் 24, ஞாயிறு

சர்ச்சில் எர்லீன் வந்து கட்டிப்பிடித்தாள். என் பேரன் ஞானஸ்நானத்தன்று, நான் செய்த கேக்கைக் காய்ந்துபோனது என்று சொன்னவள். கட்டிப்பிடிக்க விட்டேன். மறக்கவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

அடுத்த வாரம் நான் அவள் வகுப்புக்கு வந்து என் அண்ணன் லோன்சோவின் கதையைச் சொல்ல வேண்டுமாம். எத்தனை வருடமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன் என்று கார்லெட்டாவுக்குத் தெரியாது.

“ஒரே ஒரு நிபந்தனைம்மா. மாமா மேல சாட்சி சொன்ன ஆளக் கடைக்காரர்னு மட்டும் சொல்லு. பேர் வேண்டாம்.”

“ஏன், அவனுக்குப் பேரு வெக்கலியா?”

“ஊர் சின்னதும்மா. யாரோட பேரப்பிள்ளை எங்க உக்காந்திருக்கும்னு தெரியாது.”

“கோர்ட்டுல எங்கண்ணன மட்டும் முழுப் பேரச் சொல்லித்தானே கூப்பிட்டாங்க?”

“அம்மா.”

சரி என்றேன். வாய்தான் சரி என்றது.

அக்டோபர் 17, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கார்லெட்டா வருகைப் பதிவேட்டுப் பெயர்களைப் படித்தாள். “மெரிடித் கேடிஸ்.” மூன்றாம் வரிசையில் ஒரு மஞ்சள் முடிக்காரி, “இருக்கேன், மேம்” என்றாள். எனக்குப் பெயரே தேவைப்படவில்லை. கடைக்காரன் ராய் கேடிஸின் அதே முகவாய். நடுவில் குழி.

நான் எழுந்து சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பதினோரு வயது. கடையின் பின்கதவை யாரோ உடைத்து ஒரு துப்பாக்கியை எடுத்துப் போய்விட்டார்கள். அன்று மாலை முழுவதும் லோன்சோ பாடகர் குழுவோடு சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தான். நான் முன்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பைபிள் மேல் கைவைத்து, “அந்தப் பையனைத்தான் பார்த்தேன்” என்றார். பாடியவர்களை யாரும் கேட்கவில்லை. ஜூரிகள் உள்ளே போனார்கள், ஒரு சுருட்டு புகைந்து முடிவதற்குள் வந்துவிட்டார்கள். லோன்சோவைச் சிறைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தான். ஆனால் சாகும்வரை, யார் முன்கதவைத் தட்டினாலும் பின்வாசல் வழியாக ஓடினான். துப்பாக்கி கடைக்காரரின் சொந்த மருமகனிடம்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போனான். ஊரே பார்த்தது. அந்த வீட்டிலிருந்து ஒருவர்கூட, ஒரு வார்த்தைகூட—

அதுவரை கடைக்காரர் என்றுதான் சொன்னேன். பின்னால் ஒரு பையன், “பேரச் சொல்லுங்க, மேம்!” என்றான்.

“ராய் எட்வர்ட் கேடிஸ்” என்றேன். அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கண்ணை எடுக்கவில்லை.

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அழுதுகொண்டுதான் ஓடினாள்.

காரில் கார்லெட்டா ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினாள்.

அக்டோபர் 18, புதன்

நன்றாகத் தூங்கினேன். லோன்சோ, கேட்டாயா?

அக்டோபர் 24, செவ்வாய்

யாரோ கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அப்பா கல்லூரிக்குப் புகார் எழுதிவிட்டார். வகுப்பில் யாரையும் அவர்கள் நிறத்துக்காகவோ குடும்பத்துக்காகவோ குற்றவாளியாக உணர வைக்கக் கூடாது என்று புதுச் சட்டம் இருக்கிறதாம். விசாரணை முடியும்வரை அடுத்த பருவத்துக்கு இந்தப் பாடம் கிடையாது என்று டீன் சொல்லிவிட்டாராம்.

குடும்பத்துக்காகக் குற்றவாளி! எங்களுக்கு அது தினப்படி.

நவம்பர் 2, வியாழன்

டீன் வழி சொல்லியிருக்கிறார். “என் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, நினைவு பிசகிவிட்டது” என்று கார்லெட்டா எழுதிக் கொடுத்தால் பாடத்தைக் காப்பாற்றலாமாம்.

“எனக்கா நினைவு பிசகும்? அந்தாளு பொண்டாட்டி கோர்ட்டுக்கு என்ன தொப்பி போட்டுக்கிட்டு வந்தான்னு கேக்கச் சொல்லு அவன!”

“எழுதமாட்டேன்னு சொல்லிட்டேம்மா.”

“அதானே. என் பொண்ணுல்ல.”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை. “நீ சொன்னது அத்தனையும் உண்மை. அந்தப் பேரும் உண்மை. ஆனா ஏம்மா அந்தப் பொண்ணப் பாத்துக்கிட்டே சொன்ன? அவ என்ன செஞ்சா? சின்னப் பொண்ணும்மா. எங்கிட்டப் படிக்க வந்த பொண்ணு.”

ஈரத் தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். போய்ப் படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 18, சனி

மெதுவாக எழுதுகிறேன்.

மளிகைக் கடை வாசலில் காரில் சாமான் வைத்துக்கொண்டிருந்தேன். “மிஸ் ஓசெல்லா, மேம்” என்று குரல். அந்த முகவாய்.

“திட்ட வந்தியா? திட்டிக்கோ” என்றேன்.

“இல்ல, மேம். ஒண்ணு சொல்லணும். எனக்கு முன்னாடியே தெரியும். எங்க பெரியத்தை சாகறதுக்கு முன்னாடி சொன்னாங்க. துப்பாக்கி, உங்க அண்ணன், எல்லாம். அதனாலதான் இந்த வகுப்புலயே சேந்தேன்.” மூக்கை உறிஞ்சினாள். “கடைசி வகுப்புல எல்லாரும் ஒரு வழக்கப் பத்திப் பேசணும். நான் அதப் பேசுறதா இருந்தேன். எங்க தாத்தாவோட அப்பா பொய்ச் சத்தியம் பண்ணாருன்னு என் வாயாலயே சொல்லணும்னு. நீங்க அன்னிக்கு வர்றீங்களான்னு மேடத்துக்கிட்டக் கேக்கவும் இருந்தேன்.”

நான் கையில் இருந்த தக்காளிப் பையோடு அவள் பக்கம் நகர்ந்தேன்.

“அப்ப சொல்லும்மா. இப்பவும் சொல்லலாமே.”

“முடியாது, மேம். அப்பா வக்கீல் வெச்சுட்டார். இப்ப நான் சொன்னா, நீங்களும் மேடமும் மிரட்டிச் சொல்ல வெச்சீங்கன்னுதான் எழுதுவாங்க. மேடத்துக்கு இன்னும் கெடுதல்.”

தக்காளிப் பை கையிலிருந்து சாய்ந்துவிட்டது. குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். ஒரு கேடிஸ், என் காலடியில் குனிந்து. எத்தனை முறை கனவு கண்டிருப்பேன். பார்க்கச் சகிக்கவில்லை.

“உன்ன அப்படிப் பாத்தது தப்பு” என்றேன். “பேரச் சொன்னதுக்கு இல்ல. பாத்ததுக்கு.”

“தெரியும், மேம்” என்றாள். எதைத் தெரியும் என்றாளோ.

வீட்டுக்கு வந்து கார்லெட்டாவைக் கேட்டேன். “அந்தப் பொண்ணு பேசப்போறது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“அது அவ சொல்ல வேண்டியதும்மா. அதுக்குத்தான் பேர் வேண்டாம்னு உன்னக் கெஞ்சினேன்.”

நவம்பர் 19, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அறுபது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். அது வந்துகொண்டிருந்தது. மூன்றாம் வரிசை வரைக்கும் வந்துவிட்டது. நானே எழுந்து நின்று அடித்து விரட்டினேனே—

டிசம்பர் 5, செவ்வாய்

இன்று கடைசி வகுப்பு. அடுத்த பருவத்துக்குப் பட்டியல் வந்துவிட்டது. பாடம் அதில் இல்லை. இனி எப்போதும் இல்லை என்றுதான் கார்லெட்டா நினைக்கிறாள், சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து பெரிய கூடத்தில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு எது எந்த நீதிமன்றம் என்று சொல்லித்தர வேண்டுமாம்.

நின்றபடியே சாப்பிட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

“அந்தப் பொண்ணு பேசினாளா?”

“பேசினா.”

“எதப் பத்தி?”

“டெக்ஸஸ்ல ஒரு வழக்கு. ரொம்ப நல்லாத் தயார் பண்ணியிருந்தா. எல்லாரும் கைதட்டினாங்க.”

டெக்ஸஸ். எங்கேயோ, யாரோ ஒருவன். அவனுக்கும் ஒரு தங்கை இருந்திருப்பாள். அவளுக்குத் தெரியாது, இன்று ஒரு கேடிஸ் எழுந்து நின்று அவள் அண்ணனுக்காகப் பேசினாள் என்று.