தலையெழுத்துச் சில்லு

மார்ச் 4, செவ்வாய்

தொண்டையில் கட்டு மாற்றினார்கள். புண் ஆறுகிறதாம். குரல் போனது போனதுதான்.

காலையில் தண்ணீருக்காகக் கை தட்டினேன். மனைவி வந்தாள், டம்ளரை நங்கென்று வைத்தாள். "நாய்க்குட்டிய கூப்பிடற மாதிரி கூப்பிடாதீங்க." வேறு எப்படிக் கூப்பிடுவது? பலகையில் எழுதிக் காட்டினால் சமையலறை வரை தெரியுமா?

போகட்டும். ஆபரேஷனுக்கு முன்பே, கதவைச் சாத்திக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கியங்களையெல்லாம் படித்துப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்.' 'மின்விசிறியை நிறுத்து.' அதை வைத்து, நான் தட்டச்சு செய்வதையெல்லாம் போன் என் குரலிலேயே பேசும்படி செய்துவிடலாமாம். நாளை மச்சான் வந்து ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்துத் தருகிறான்.

மார்ச் 5, புதன்

எடுத்துத் தந்தான்! லேப்டாப் சார்ஜரை டிஸ்கில் செருகினான். முனை பொருந்தியது, அவனுக்கு அது போதும். கருகிய வாடை. "ஒண்ணும் ஆகியிருக்காது மாமா." டிஸ்க் அசையவில்லை.

வேறு நகல் இல்லை. போனில் இடமில்லை என்று நானே அழித்தேன். தொண்டை கிழியக் கத்த வேண்டும் போலிருந்தது. கிழிந்த தொண்டை மட்டும்தான் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

மச்சான் அதே மாடலில் பழைய டிஸ்க் ஒன்று வாங்கி வந்தான். அதன் அடியில் இருந்த பச்சைப் போர்டைக் கழற்றி என்னுடையதில் மாட்டினான். சுற்ற ஆரம்பித்தது! எழுந்து உட்கார்ந்தேன். பிறகு டிக்... டிக்... டிக். திரையில் ஒன்றும் வரவில்லை.

மார்ச் 11

எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 13, வியாழன்

ரிப்பேர் கடை. என் பலகையைப் பார்த்ததும் கடைக்கார அம்மாள் கத்திப் பேசத் தொடங்கினார். காது நன்றாகக் கேட்கும் என்று எழுதிக் காட்டினேன். பயனில்லை.

"மாடல் ஒண்ணா இருந்தா போதாது சார்! போர்டுல எட்டுக் கால் வெச்ச குட்டிச் சில்லு ஒண்ணு இருக்கும். உள்ள இருக்கற தலை எப்படிப் படிக்கணும்னு அதுலதான் எழுதியிருக்கு. டிஸ்குக்கு டிஸ்க் வேற வேற. அதையும் மாத்தணும். பழைய போர்டு எங்க?"

"எரிஞ்சு போனதுதானேன்னு குப்பைல போட்டுட்டேன்" என்றான் மச்சான்.

என் தலையெழுத்தைக் குப்பையில் போட்டிருக்கிறான். திட்ட வார்த்தைக்குப் பஞ்சமில்லை. வாய்தான் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

போனில் ஏற்கெனவே ஒரு குரல் இருக்கிறது, செய்தி வாசிப்பவர் மாதிரி. அதில் மனைவியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். டிவி ஓடுகிறது என்று நினைத்தாளாம்.

விஷயம் புரிந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். "யாரோ நம்ம வீட்ல நின்னு பேசற மாதிரி இருக்கு. வேணாங்க. நீங்க கையே தட்டுங்க."

எதற்காகப் பிழைத்தேன்? இவளைக் கை தட்டிக் கூப்பிடவா? ஆபரேஷன் மேசையிலேயே போயிருக்கலாம். இதை அவள் படிக்கக் கூடாது.

மார்ச் 17, திங்கள்

பழைய போர்டு கிடைத்துவிட்டது. குப்பையில் போட எடுத்துப் போனவன் போட மறந்திருக்கிறான். கார் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடந்ததாம். அவனுடைய சோம்பேறித்தனம் முதல்முறையாக ஒருவருக்கு உதவியிருக்கிறது.

"சில்லும் கருகியிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது சார்!" கடைக்கார அம்மாள் இன்னும் கத்துகிறார்.

கருகித்தான் இருக்கும். என் ராசி அப்படி.

மார்ச் 22, சனி

சில்லு கருகவில்லை. அதை மாற்றி வைத்ததும் டிஸ்க் திறந்தது. மச்சான் எல்லாவற்றையும் போனில் போட்டு, வேறு இடத்திலும் நகல் எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். தண்ணீர் வேண்டும், மின்விசிறியை நிறுத்து. பள்ளிப் பையன் ஒப்பிக்கிற மாதிரி. இதற்கா இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன்?

கடைசிக் கோப்பில் பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன். நாற்காலி நகர்கிறது. கதவு திறக்கிறது. "ஏம்மா... இங்க வாயேன்."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சத்தத்தைக் கூட்டி, அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டேன்.

"தோ வரேங்க, கையெல்லாம் ஈரம்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

பலகையை எடுத்தேன். 'சும்மா' என்று எழுதிக் காட்டினேன்.