கோளத்துக்குள் ஒரு விளக்கு

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. பட்டறையில் அவ்வளவு வேலையா?

29ஆம் தேதி கருத்தரங்கில் பேச அழைத்துவிட்டார்கள். மின்னேற்றிய கோளத்துக்குள் இருக்கும் மின்னூட்டத்தின்மேல் விசையே இருக்காது என்கிறது பாடநூல். அந்த மின்னூட்டம் முடுக்கத்தோடு ஓடினால் விசை உண்டு என்கிறது நான் நம்பும் பழைய சூத்திரம். நீங்கள் செய்த கோளத்தை மின்னேற்றியதும் உள்ளே நியான் விளக்கு சிமிட்டும் வேகம் மாறியதே, விளக்கில் ஓடும் மின்னூட்டத்தின்மேல் படும் இந்த விசைதான் அதற்குக் காரணம். "ஒதுக்கிப் போட்டதை ஏம்மா தூசி தட்டுற?" என்று கேட்ட துறைத்தலைவரும் அன்றைக்கு வந்து உட்காரப்போகிறார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியாமல்தான் பதில் போடவில்லை. நீ ஊருக்குப் போன பிறகு கோளத்தைப் பிரித்துத் துடைத்தேன். விளக்கிலிருந்து சிமிட்டலை எண்ணும் கருவிக்குப் போகும் கம்பிக்கு நான் உலோக உறை போடவில்லை. கோளத்தின் மின்சாரம் அதில் கசிந்திருக்கிறது. உறை போட்டு ஆறு தடவை பார்த்தேன். சிமிட்டல் மாறவே இல்லை.

இது ஜனவரி 11இல். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அண்ணன்

மார்ச் 13

அண்ணா,

பிப்ரவரியில் தொலைபேசியில், "எல்லாம் சரியா இருக்காண்ணா?" என்று கேட்டேன். "ஜோரா இருக்கும்மா" என்றீர்கள். நூறு பேர் முன்னால் பொய் சொல்லியிருப்பேன்.

கோளத்தையும் உறை போட்ட கம்பியையும் உடனே அனுப்புங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

ஏப்ரல் 2

அண்ணா,

நானே ஒன்பது தடவை அளந்தேன். மாற்றமில்லை. மேடையில் அதைத்தான் சொன்னேன். துறைத்தலைவர் எழுந்து, "அப்போ சூத்திரம் தப்புதானே?" என்றார். "இந்தக் கோளத்துல அது சொன்ன மாற்றம் தெரியல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றேன்.

முடிவை அப்படியே கட்டுரையாக்கியிருக்கிறேன். பிழையைக் கண்டுபிடித்தவர் நீங்கள். உங்கள் பெயரும் இருக்கிறது. கண்டுபிடித்த தேதியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

கோபம் இன்னும் போகவில்லை.

தங்கை

ஏப்ரல் 7

அன்புத் தங்கைக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி ஜனவரி 11. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். அதை அடித்துவிடாதே.

அண்ணன்